வளைந்து கொடுக்காத முக்கோணம்

"நாப்பது," என்றார் பெரிய மேடம்.

சொல்லிவிட்டு முதுகை நிமிர்த்தி வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சில் அவர் பாதிதான் உட்கார்ந்திருந்தார். மீதிக்கு இடமில்லை.

சின்ன மிஸ்ஸின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

ஏனென்றால் விடை நாற்பது இல்லை. பன்னிரண்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலத்தில் ஒரு தோட்டம். முழுக்கப் புல் விரிக்க எத்தனை சதுர மீட்டர் புல் வேண்டும் என்பதுதான் கேள்வி. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் தொண்ணூற்றாறு, தீர்ந்தது வேலை. பெரிய மேடம் சொன்ன நாற்பது, அந்தத் தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தால் கிடைக்கிற கணக்கு. பரப்பளவு கேட்ட இடத்தில் சுற்றளவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சின்ன மிஸ் சிரித்துக்கொண்டே, "வேலியா போடச் சொன்னேன், புல்லுதானப்பா போடச் சொன்னேன்" என்று திருத்தியிருப்பாள். சொன்னது பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. அவர் இன்றைக்கு இந்த வகுப்புக்குள் வந்திருப்பதே, சின்ன மிஸ்ஸின் வேலையை நிரந்தரம் பண்ணுவதா, இல்லை மூட்டையைக் கட்டச் சொல்வதா என்று முடிவு செய்யத்தான்.

மூட்டை என்றால் வெறும் பேச்சுக்குச் சொல்கிற மூட்டை இல்லை. அவள் கடல் தாண்டி இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவள். இங்கே தங்குவதற்கான அனுமதி வேலையோடு முடிச்சுப் போட்டிருந்தது. வேலை போனால் அனுமதி போகும். அனுமதி போனால் வீடு திரும்ப வேண்டும். அங்கே அவள் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு அங்க டீச்சரா இருக்கா" என்று கேட்காமலே சொல்லி வைத்திருந்தார்.

போதாக்குறைக்கு, முதலில் கிடைத்த ட்யூஷன் சென்டர் வேலையை அவள் வாயாலேயே தொலைத்திருந்தாள். அதன் முதலாளி பெற்றோர் முன்னால் போர்டில் போட்ட கணக்கை, "சார், அங்க ஒரு மைனஸ் விட்டுட்டீங்க" என்று எழுந்து நின்று திருத்தினாள். சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதனால்தான் அக்கா இன்று காலையில் போனில் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். "இங்க பாருடி, உனக்கு வேற எதிரியே வேணாம், உன் வாய் ஒண்ணு போதும். அந்த மேடம் ராத்திரிய பகல்னு சொன்னா, வெயில் ஜாஸ்தியா இருக்கு மேடம்னு சொல்லிட்டு குடைய விரி. புரியுதா?"

புரிந்தது. இப்போது குடையை விரிக்க வேண்டிய நேரம்.

விளையாட்டை யோசித்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வகுப்பை இரண்டு கட்டிடக் கம்பெனியாகப் பிரித்திருந்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் ஜன்னல் கம்பெனி, கதவுப் பக்கம் கதவுக் கம்பெனி. மிஸ்தான் வீடு கட்டுகிற வாடிக்கையாளர். மனை, வேலி, கூரை என்று மூன்று வகையில் கேள்விகள். ஒவ்வொரு கம்பெனியும் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசி ஆளுக்கொரு சின்னப் பலகையில் எழுத, அவர்களுடைய மேஸ்திரி விடையைச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் ஓர் அட்டைச் செங்கல். தரையில் சாக்பீஸால் வரைந்த வீட்டில் கொண்டுபோய் அடுக்கலாம். பாடப் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுகிற பிள்ளைகள், இந்த விளையாட்டு வந்ததிலிருந்து கணக்குப் பீரியட் மணி அடிப்பதற்கு முன்பே பெஞ்சை நகர்த்திப் போட்டுக் காத்திருந்தார்கள்.

பெரிய மேடம் கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்திருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஜன்னல் கம்பெனியில் ஒரு சிறுமி உண்டு. கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்குகிறவள். அதனால் அவளுக்கு வகுப்பு வைத்த பெயர் அவசரம். அவள்தான் எழுந்து, "மேடம், எங்க கம்பெனியில ஒரு ஆள் கம்மி. நீங்க மேஸ்திரியா வர்றீங்களா?" என்று கேட்டாள்.

பெரிய மேடம் யோசித்தார். முகத்தில் சிரிப்பு வரவில்லை என்றாலும், வரலாமா என்று எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. வந்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் அவர் காதோடு காதாக ஏதோ பேசினார்கள். அவரும் நாற்பது என்று சொல்லிவிட்டார்.

"தொண்ணூத்தாறு மிஸ்," என்றாள் கதவுக் கம்பெனியின் மேஸ்திரி. நியாயம் கேட்டுச் சண்டை போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பட்டப்பெயர் வக்கீல். "சதுர மீட்டர்," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எல்லாரும் சின்ன மிஸ்ஸையே பார்த்தார்கள். பெரிய மேடமும் பார்த்தார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

"ரெண்டு பேரும்... வேற வேற விதமா யோசிச்சிருக்கீங்க," என்றாள் சின்ன மிஸ். "கதவுக் கம்பெனி, நீங்க தோட்டத்துல இருக்கற குளத்த மறந்துட்டீங்க."

"எந்தக் குளம் மிஸ்?"

"சொல்ல விட்டுட்டேன். நடுவுல ஒரு குளம் இருக்கு."

போர்டுக்குத் திரும்பி, செவ்வகத்துக்கு நடுவில் மளமளவென்று குளத்தை வெட்டினாள். தொண்ணூற்றாறிலிருந்து ஐம்பத்தாறு போனால் நாற்பது. எட்டு மீட்டருக்கு ஏழு மீட்டர் குளம். எழுதி முடித்ததும்தான் மூச்சு வந்தது.

"இவ்ளோ பெரிய குளத்தயா மிஸ் மறந்தீங்க?" என்றாள் வக்கீல்.

"பழகிட்டா கண்ணுல படாது."

ஜன்னல் கம்பெனியிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்தது. கண்ணாடி போட்ட பையன். எந்தக் கேள்விக்கும் பின்னால் இன்னொரு கேள்வி வைத்திருப்பான். அவன் பெயர் சந்தேகம்.

"மிஸ், தோட்டத்தோட அகலமும் எட்டு, குளமும் எட்டுன்னா, குளம் இந்தச் சுவர்லருந்து அந்தச் சுவர் வரைக்கும் அடைச்சிடுதே. வீட்டுக்காரர் அந்தப் பக்கத்துப் புல்லுக்கு எப்படிப் போவாரு?"

சின்ன மிஸ் அவனைப் பார்த்தாள். இது அவனுடைய சொந்தக் கம்பெனிக்குக் கிடைக்கப்போகிற செங்கல். அதை அவனே ஏன் தட்டிவிடப் பார்க்கிறான்?

"பாலம் இருக்கு."

"பாலத்தோட ரெண்டு முனையும் புல்லு மேலதான மிஸ் உக்காரும்? முனைக்கு ஒரு சதுர மீட்டர்னு வச்சாலும் ரெண்டு போயிடும். முப்பத்தெட்டுதான வரும்."

"தம்பி, உங்க கம்பெனிக்குத்தானப்பா செங்கல் வருது."

"சந்தேகம் வந்தா உடனே கேக்கணும்னு நீங்கதான சொன்னீங்க மிஸ்."

சொன்னதுதான். முதல் நாளே, அதுவும் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டது.

"குளம் ஏழு மீட்டர் இல்ல," என்றாள், அழித்துக்கொண்டே. "ஆறே முக்கால். இப்ப கணக்குப் போடு."

அவன் போட்டான். குளம் ஐம்பத்துநாலு, மிச்சப் புல் நாற்பத்திரண்டு, பாலத்துக்கு இரண்டு போனால் நாற்பது. வந்துவிட்டது. அவன் முகம் ஏனோ தொங்கிப் போயிற்று.

"அப்ப எங்க தொண்ணூத்தாறு தப்பா?" என்று வக்கீல் எழுந்தாள்.

"தப்பில்லம்மா. குளம் வெட்றதுக்கு முன்னாடி அது சரி. உங்களுக்கும் ஒரு செங்கல்."

"ஒரே கேள்விக்கு ரெண்டு விடையும் சரியா? நாளைக்குப் பரீட்சையில நாங்க எத எழுதறது?"

"பரீட்சையில குளம் வராது."

பெரிய மேடம் புருவத்தை உயர்த்தி, "குளம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏதோ எழுதினார். அவர் எழுதியது நல்லதா கெட்டதா என்று பேனா போகிற போக்கை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தாள் சின்ன மிஸ். பேனா எந்தப் பிடியும் கொடுக்கவில்லை.

அடுத்தது வேலி. வீட்டுக்குப் பின்னால் ஒரு காய்கறிப் பாத்தி. நீளம் பத்து மீட்டர், அகலம் ஆறு. நீளப் பக்கம் ஒன்று வீட்டுச் சுவரை ஒட்டி இருப்பதால் அங்கே வேலி வேண்டாம். எத்தனை மீட்டர் கம்பி வாங்க வேண்டும்?

இந்த முறை அவள் கேள்வியை இரண்டு தடவை படித்தாள். சுவர் என்கிற இடத்தில் சுவரைத் தட்டியும் காட்டினாள். ஜன்னல் கம்பெனியில் ஐந்து தலைகள் பெரிய மேடத்தைச் சுற்றிக் குவிந்தன. அங்கே யாரோ சிரித்தார்கள், யாரோ அடக்கினார்கள்.

"இருபத்திரண்டு," என்றாள் வக்கீல்.

"அறுபது," என்றார் பெரிய மேடம், தெளிவாக, மணி அடித்த மாதிரி.

வேலி கேட்டதற்கு இப்போது பரப்பளவு. அங்கே சுற்றளவு, இங்கே பரப்பளவு. இரண்டையும் இடம் மாற்றிச் சொல்லியிருந்தாலாவது ஆளுக்கொரு செங்கலோடு போயிருக்கும்.

"மேடம் கொஞ்சம் தொலைநோக்கோட யோசிச்சிருக்காங்க," என்று ஆரம்பித்தாள். எங்கே முடிக்கப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒரே ஒரு வரிசைக் கம்பி போட்டா என்ன ஆகும்? ஆடு உள்ள வந்துடும். அதனால மூணு வரிசை போடணும்."

"கேள்வியில ஆடு இல்லையே மிஸ்," என்றாள் வக்கீல்.

"ஆடு சொல்லிட்டா வரும்?"

சந்தேகத்தின் கை எழுந்தது. சின்ன மிஸ் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினாள். கையும் கூடவே திரும்பியது.

"இருபத்திரண்ட மூணால பெருக்கினா அறுபத்தாறு வருது மிஸ். மேடம் சொன்னது அறுபது."

"கேட்டு. ஆள் போக வர கேட்டு வேணாமா? ரெண்டு மீட்டர் கேட்டு. ஒவ்வொரு வரிசையிலயும் ரெண்டு ரெண்டு கழிச்சா ஆறு போயிடுது."

அறுபது வந்துவிட்டது. தன் திறமையை நினைத்து அவளுக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது.

"கேட்டு வழியா ஆடு வராதா மிஸ்?"

"மூடித்தான் வச்சிருப்பாங்க."

"தாண்டிக் குதிச்சா? ஆடு எவ்ளோ உயரம் மிஸ்?"

உயரத்தைக் காட்டுவதற்காக அவள் ஆட்டை வரைய வேண்டியதாயிற்று. அவசரத்தில் வரைந்ததில் ஆடு மேஜை மாதிரி வந்தது. "மேஜைக்கு எதுக்கு மிஸ் கொம்பு?" என்று கதவுக் கம்பெனியில் ஒரு குரல் கேட்டது. வகுப்பே சிரித்தது. கதவுக் கம்பெனிக்கு இன்னொரு ஆறுதல் செங்கல் கொடுத்து வக்கீலை உட்கார வைத்தாள். தரையில் இரண்டு வீடும் ஒரே உயரத்தில் நின்றன. போர்டில் குளம், பாலம், மூன்று வரிசைக் கம்பி, கேட்டு, கொம்பு வைத்த மேஜை. கணக்கு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

பெரிய மேடம் ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"கடைசி ரவுண்டு," என்றாள் சின்ன மிஸ். "ஜன்னல் கம்பெனி, நீங்க எந்த வகை எடுக்கறீங்க?" மனை என்று சொல்லுங்களேன், தாயே, மனைக்கு எத்தனை குளம் வேண்டுமானாலும் வெட்டுகிறேன் என்று மனசுக்குள் அவசரத்தைக் கும்பிட்டாள்.

ஜன்னல் கம்பெனி கூடிப் பேசியது. இந்தத் தடவை நிறைய நேரம் பேசியது. சந்தேகம் விரலை மடக்கி எதையோ விளக்க, மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"கூரை," என்றாள் அவசரம்.

சின்ன மிஸ் சீட்டை எடுத்துப் படித்தாள். வீட்டின் முகப்புக் கூரை ஒரு முக்கோணம். கீழே ஒரு மூலையில் ஐம்பது டிகிரி, இன்னொரு மூலையில் அறுபது டிகிரி. உச்சியில் எத்தனை?

"எழுபது," என்றாள் வக்கீல்.

"எண்பது," என்றார் பெரிய மேடம்.

சின்ன மிஸ் போர்டைப் பார்த்தாள். ஐம்பது, அறுபது, எண்பது. கூட்டினால் நூற்றுத் தொண்ணூறு. பத்து டிகிரி உபரி. அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? நிலமாக இருந்தால் தோண்டலாம். கம்பியாக இருந்தால் சுற்றலாம். முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் நூற்றெண்பது, அவ்வளவுதான். மழை பெய்தாலும் நூற்றெண்பது, ஆடு வந்தாலும் நூற்றெண்பது.

"கூரை வந்து... கொஞ்சம் வளைஞ்ச மாதிரி..." என்று இழுத்தாள்.

"வளைஞ்சா அது முக்கோணமே இல்லையே மிஸ்," என்றான் சந்தேகம். குரலில் அவ்வளவு கனிவு.

அப்போதுதான் கதவுக் கம்பெனியின் கடைசிப் பையன் கண்ணில் பட்டான். வாயே திறக்காத பிள்ளை. வருஷ ஆரம்பத்தில் பெருக்கலுக்கே விரலை எண்ணியவன். அவன் பலகையில் எழுபது என்று எழுதியிருந்தது. பெரிய மேடத்தை ஒரு தடவை பார்த்தான், சின்ன மிஸ்ஸை ஒரு தடவை பார்த்தான். எச்சில் தொட்டு எழுபதை அழித்துவிட்டு எண்பது என்று எழுதினான்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அக்கா விரிக்கச் சொன்ன குடை தானாகவே மடங்கிக்கொண்டது.

"மேடம், தப்பு," என்றாள்.

டஸ்டரை எடுத்துக் குளத்தையும் ஆட்டையும் அழித்தாள்.

"எண்பது இல்ல மேடம், எழுபதுதான் சரி. அதோட முதல் கணக்கும் தப்பு. அங்க குளம் எதுவும் கிடையாது, நானா வெட்டினது. ரெண்டாவதும் தப்பு. ஆடும் கிடையாது. கதவுக் கம்பெனி சொன்னது மூணும் சரி." பிறகு அந்தக் கடைசிப் பையனிடம், "நீ அழிச்சியே, அத மறுபடி எழுதுப்பா. அது சரி," என்றாள்.

பெரிய மேடம் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். பெஞ்சும் கூடவே கொஞ்சம் எழுந்தது. இரண்டு பிள்ளைகள் பெஞ்சைப் பிடித்துக்கொள்ள, அவர் விடுபட்டு நேராக வாசலுக்கு நடந்தார்.

"வெளிய வாங்க."

வராந்தாவில் சின்ன மிஸ் போய் நின்றபோது, இரண்டு பெட்டியில் எதை எதில் அடுக்குவது என்றுகூட யோசித்து முடித்திருந்தாள்.

"தப்புன்னு சொன்னீங்களே, அதுக்கு எனக்குக் கோவம் இல்ல," என்றார் பெரிய மேடம். "அத முதல் கணக்குலயே சொல்லியிருந்தா இன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். மூணாவது கணக்கு வரைக்கும் குளம் வெட்டிக்கிட்டு இருந்தீங்க. ஒரு பையன் சரியான விடைய அழிச்சான், நானும் பாத்தேன்."

"சாரி மேடம்."

"இன்னொரு டெர்ம் ட்ரையல்ல இருங்க. இதே வகுப்பு. நான் மறுபடி வந்து உக்காருவேன். அப்ப யார் தப்பு சொன்னாலும் அங்கயே தப்புன்னு சொல்லணும்."

"அப்ப... தங்கறதுக்கு அனுமதி மேடம்?"

"அதுக்கு நான் எழுதிக் கொடுக்கறேன். மூட்டை எல்லாம் கட்ட வேணாம்." இரண்டடி போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த எழுபது எப்படி வந்துச்சுன்னு சாயங்காலம் கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க. நான் படிச்சது சரித்திரம்."

சின்ன மிஸ்ஸுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வேலை நிரந்தரமில்லை, போகவும் இல்லை. அப்பாவின் பேச்சு இன்னும் ஒரு டெர்முக்குப் பொய்யாகாது. அக்காவுக்கு என்னவென்று சொல்வது என்றுதான் யோசனை.

வகுப்புக்குள் நுழைந்தாள். கதவுக் கம்பெனி மூன்றாவது செங்கலை அடுக்கிவிட்டுக் கை தட்டிக்கொண்டிருந்தது. தோற்ற ஜன்னல் கம்பெனி மட்டும் அசையாமல், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தது.

"மேடம் என்ன சொன்னாங்க மிஸ்?" என்றான் சந்தேகம்.

"பாஸ் பண்ணலப்பா. இன்னும் ஒரு டெர்ம் ட்ரையல்னு சொல்லிட்டாங்க. இதே வகுப்புதான்."

ஜன்னல் கம்பெனி முழுசும் ஒரே சமயத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. இரண்டு பேர் பெஞ்சுக்கு அடியில் கையைக் குலுக்கிக்கொண்டார்கள்.

"இதுல சந்தோஷப்பட என்னப்பா இருக்கு?" என்று கேட்டாள் சின்ன மிஸ்.

சந்தேகம் சட்டென்று அவசரத்தின் காலை மிதித்தான். ஆனால் அவள் அதற்குள் கையைத் தூக்கி, எழுந்து, பேசவும் ஆரம்பித்திருந்தாள்.

"பாஸான மிஸ்ஸ எல்லாம் மாடி வகுப்புக்குத் தூக்கிட்டுப் போயிடுறாங்க மிஸ், அதான் நீங்க தப்புன்னு சொல்லி மேடம்கிட்ட மாட்டிக்கணும்னு நாங்களே தப்பு விடையாப் பாத்துப் பாத்து மேடம் காதுல சொன்னோம், நீங்கதான் குளம் வெட்டி, ஆடு விட்டு, கடைசிக் கணக்கு வரைக்கும் ஒத்துழைக்கவே இல்ல."